மேப் கையில் கொடுப்பது என்ன?

ஜாவாஸ்கிரிப்டில் எனக்கு மிகவும் பிடித்த வேலைக்காரன் மேப். ஓர் அரேயைக் கொடுத்தால் பழையதைத் தொடாமல், அதே நீளத்தில் புதியதொன்றைத் தருவான். பத்து விலைகள் போனால் வரி சேர்த்த பத்து விலைகள் வரும். எட்டுதான் வேண்டுமென்றால் ஃபில்டரைக் கூப்பிட வேண்டும். கூட்டுத்தொகை வேண்டுமென்றால் ரெட்யூஸை. திரையில் காட்ட மட்டும் மேப்பை ஓடவிட்டு, அது தரும் அரேயைக் கண்டுகொள்ளாமல் விடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஃபார்ஈச் எதற்கு இருக்கிறது?

இதெல்லாம் ஒரு நாளில் பிடிபட்டுவிடும். பழகப் பழகத்தான் தெரிவது, மேப் நம் ஃபங்ஷனின் கையில் எதைக் கொடுக்கிறது என்பது. ஜான் மெக்கார்த்தி 1960இல் லிஸ்ப் பற்றி எழுதிய கட்டுரையில் மேப்லிஸ்ட் என்று ஒன்று வருகிறது. அது தனி உறுப்பைக் கொடுக்காது, அந்த உறுப்பிலிருந்து கடைசிவரை மிச்சமிருக்கும் பட்டியலையே கொடுக்கும். 2009இல் ஜாவாஸ்கிரிப்டின் தர வரையறைக்குள் வந்த மேப்போ மூன்றைக் கொடுக்கிறது: உறுப்பு, அதன் இன்டெக்ஸ், முழு அரே.

இந்த மூன்றில்தான் வினையே. '1', '2', '3' என்ற சரங்களை எண்ணாக்க, பார்ஸ்இன்ட்டை அப்படியே மேப்பிடம் கொடுத்துப் பாருங்கள். முதலில் 1 வரும். அடுத்த இரண்டும் நேன், அதாவது எண்ணே இல்லை. பார்ஸ்இன்ட் இரண்டாவதாக வாங்குவது எண்ணடிமானத்தை. மேப் அந்த இடத்தில் இன்டெக்ஸைத் தள்ளிவிடுகிறது. 0 வந்தால் பத்தடிமானம் என்று எடுத்துக்கொள்ளும், அதனால் முதலாவது தப்பித்தது. அடிமானம் 1 என்று ஒன்று கிடையாது. அடிமானம் 2இல் 3 என்ற இலக்கமே இல்லை. உறுப்பை மட்டும் வாங்கி பார்ஸ்இன்ட்டுக்கு 10ஐயும் சேர்த்துக் கொடுக்கும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை நடுவில் வைத்தால் சரியாகிவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. 'தமிழ்' என்ற சொல்லை அரே.ஃப்ரம்மில் பிரித்து மேப்பில் விட்டால் ஐந்து உறுப்புகள் வரும். மிகரத்தின் கொக்கியும் ழகரத்தின் புள்ளியும் தனித்தனியாக நிற்கும். குற்றம் மேப்பின் மீது இல்லை, கொடுத்த அரேயே அப்படி. இன்டல்.செக்மென்டரால் பிரித்தால் எழுத்து மூன்றாகவே வரும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் ஃபார் லூப் போட்டு ஒரு மேப்பை நீங்களே எழுதிப் பாருங்கள். பத்து வரிகூட ஆகாது. ஃபங்ஷனுக்கு மூன்றையும் அனுப்ப மட்டும் மறக்காதீர்கள்.