ஓட்டமும் இரைப்பும்

தருமபுரிக்குப் பழம்பெயர் தகடூர். அப்பெயரைக் கேட்டவுடன் தமிழ் கற்றார் நினைவில் எழுவது ஒரு நெல்லிக்கனி. எட்டுதற்கரிய மலைப்பிளவில் விளைந்த அக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான் அதியமான் நெடுமான் அஞ்சி. அதன் பயனையும் அவன் வாய்திறந்து சொல்லவில்லை. மறைத்தே கொடுத்தான் என்பதைப் புறநானூற்றின் 91ஆம் பாட்டால் அறிகிறோம். இக்காலத்தில் நெல்லியைத் தூளாக்கியும் மாத்திரையாக்கியும் விற்போர்க்கு அந்த அடக்கம் இல்லை. ஆற்றல் பெருகும், ஆயுள் நீளும், மூச்சிரைப்பு ஓடிவிடும் என்று குப்பியின் மேல் ஒட்டிய தாளே உரக்கப் பேசுகிறது.

மூச்சிரைப்பைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு. ஏழாம் வயதிலிருந்து அது என்னோடு வாழ்ந்து வருகிறது. எங்கள் ஊர் பென்னாகரம் செல்லும் சாலையை ஒட்டிய சிற்றூர். மார்கழிப் பனியும், கேழ்வரகு அடிக்கும் களத்தில் எழும் தூசியும் சேர்ந்துவிட்டால் இரவெல்லாம் எழுந்து உட்கார்ந்தே விடிய வேண்டும். பாட்டி அதனை ‘இழுப்பு’ என்பார். மருத்துவர் ‘ஆஸ்துமா’ என்றார். பெயர் எதுவானாலும் பள்ளியில் எனக்குக் கிடைத்த தீர்ப்பு ஒன்றே. மற்றச் சிறுவர்கள் ஓடியாடும் வேளையில் நான் புளியமரத்தடியில் அமர்ந்து அவர்கள் கழற்றி வைத்த சட்டைகளுக்குக் காவல் இருக்க வேண்டும். என்மேல் கொண்ட இரக்கத்தால்தான் அவ்வாறு செய்தார்கள். ஆயினும் இரக்கம் சில வேளைகளில் சிறைக்கூடமாகவும் அமைந்துவிடுகிறது.

ஓடினால் இரைப்பது ஏன்? விரைந்து ஓடும்போது மூக்கால் இழுக்கும் காற்றுப் போதாமல் வாயாலும் இழுக்கிறோம். மூக்கு, காற்றை வெதுவெதுப்பாக்கி, ஈரமூட்டி உள்ளே அனுப்பும். வாய்க்கு அத்திறம் குறைவு. ஆகவே குளிர்ந்த உலர்காற்று நேரே மூச்சுக்குழல்களைத் தாக்கி, அவற்றின் உட்புற ஈரத்தை வற்றச் செய்கிறது. இயல்பாகவே கூர்ந்த உணர்ச்சியுள்ள ஆஸ்துமாக்காரரின் குழல்கள் உடனே சுருங்குகின்றன. பெரும்பாலும் ஓடி முடித்த சில நிமிடங்களில் இரைப்பு உச்சத்தை அடைந்து, அரைமணி முதல் ஒருமணி நேரத்தில் தணியும். தருமபுரியின் விடியற்காலைப் பனியில் ஓடுவதும் மாலை வெயில் தாழ ஓடுவதும் ஒன்றல்ல என்பதை என் நெஞ்சு நன்கறியும்.

இதைக் கண்டு அஞ்சி ஓடாமலே இருந்துவிடுவது எளிது. ஆனால் ஓடாத உடல் தளர்கிறது; தளர்ந்த உடலுக்குப் பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது; அதையும் நோய் என்று எண்ணி மேலும் ஒடுங்குகிறோம். பல நாடுகளில் நடந்த 21 ஆய்வுகளைத் தொகுத்து 2013ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் அறிக்கை, நோய் கட்டுப்பாட்டில் உள்ள ஆஸ்துமாக்காரர்கள் உடற்பயிற்சியைத் தாங்கவல்லவர்கள் என்றும், அதனால் அவர்களின் உடல்வலிமை வளர்கிறது என்றும் கூறிற்று. எமி வான் டைக்கன் என்னும் அமெரிக்கப் பெண் சிறு வயது முதல் ஆஸ்துமாவால் வருந்தியவர். அவரே 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் நீச்சலில் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார்.

இனி மாத்திரைக்கு வருவோம். நறுக்கி வைத்த ஆப்பிள் துண்டு சிறிது நேரத்தில் கறுத்துவிடுகிறது. எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் கறுப்பது தாழ்க்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்யும் சிதைவை அச்சாற்றிலுள்ள ‘சி’ உயிர்ச்சத்துத் தடுக்கிறது. இவ்வாறு தடுப்பவற்றை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் என்பர். ஆஸ்துமாக்காரரின் நுரையீரலிலும் அத்தகைய சிதைவு மிகுதி. ஆகவே தடுப்பானை மாத்திரையாக விழுங்கினால் இரைப்புத் தணியுமல்லவா? எண்ணம் அழகியதே. ஆனால், 419 பேர் பங்கேற்ற 11 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், ஆஸ்துமாவுக்கு மருந்தாக ‘சி’ உயிர்ச்சத்தைப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்று 2013இல் எழுதினார்கள். ஓட்டத்தால் வரும் இரைப்பு மட்டும் சிலருக்குச் சற்றுக் குறைந்ததாகத் தோன்றிற்று. அச்சிலரும் மிகச் சிலரே.

ஆஸ்திரேலியாவில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. ஆஸ்துமா உடைய 137 பேரில் ஒரு சாரார்க்குக் காயும் கனியும் நிறையக் கொடுத்தார்கள். மறு சாரார்க்குக் குறைத்துக் கொடுத்தார்கள். குறைத்து உண்டவர்க்கு மூச்சின் வலிமை தாழ்ந்தது. நோய் மீண்டும் மிகும் வாய்ப்பும் இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. அவர்களில் சிலர்க்குத் தக்காளிச் சாரத்தை மாத்திரையாக்கிக் கொடுத்துப் பார்த்தும் பயன் இல்லை. விலை வீழ்ந்த நாட்களில் பாலக்கோட்டுத் தக்காளியைச் சாலையோரம் கொட்டிச் செல்வதைப் பார்த்திருக்கிறேன். அத்தக்காளியின் சாரம் அழகிய குப்பியில் புகுந்தால் எத்தனை விலை! பயனற்றதோடு நில்லாது தீங்காவதும் உண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடையே நடந்து 1994இல் வெளியான சோதனையில், பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்க்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடிற்று.

இவையெல்லாம் எனக்கு வெறும் ஏட்டுச் செய்திகள் அல்ல. சென்ற ஆண்டு அண்டைவீட்டு அம்மையார் தம் மகளுக்கு ஒரு பெரிய டப்பா சத்துமாவு வாங்கி வந்தார். மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள்; கோ-கோ ஆட்டத்தில் உயிர். “ஐயா, இன்ஹேலர் பழகினால் விடாதாமே? அதை நிறுத்திவிட்டேன். இதிலே நெல்லிச் சத்து இருக்கிறதாம்” என்றார். நான் என் சட்டைப்பையிலிருந்த இன்ஹேலரை எடுத்துக் காட்டினேன். “அம்மா, இது பழகிவிடும் பொருள் அன்று. நாள்தோறும் இழுக்கும் மருந்து குழல்களின் வீக்கத்தை அடக்குகிறது. அதை நிறுத்தினால் வீக்கம் மெல்லத் திரும்பும். பின்னர் ஒரு நள்ளிரவில் வண்டி தேடி ஓட நேரும். நெல்லிக்காய் வேண்டுமானால் சந்தையில் வாங்கிக் கொடுங்கள். பருத்த காய் ஒன்றே ஒரு நாளைக்கு வேண்டிய ‘சி’ சத்தைத் தந்துவிடும்” என்றேன். அவர் முழுதும் நம்பவில்லை. எனினும் மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் சென்றார்.

மருத்துவர் மருந்தை மீண்டும் தொடங்கச் செய்தார். ஆட்டத்திற்குமுன் பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடலைச் சூடேற்றிக்கொள்ளவும், பனிக்காலத்தில் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளவும், இரைப்பு மிகுந்த நாளில் ஆடாதிருக்கவும், உடனே தணிக்கும் இன்ஹேலரை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கவும் சொல்லி அனுப்பினார். இப்போது அது பள்ளி விளையாட்டுத் திடலின் ஓரத்தில், அவள் தண்ணீர்ப் புட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறதென்று அவளுடைய குழுவினர் எல்லார்க்கும் தெரியும்.