கொட்டகையில் பிறந்த ரயில்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பிரயாணம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் ஹாலிவுட்டைப் பார்த்த திருப்தியுடனேயே திரும்பிவிடுகிறார்கள். அந்நகரில் கிரிஃபித் பார்க் என்னும் விசாலமான மலைப் பூங்கா ஒன்று உண்டு. அதன் ஓரத்தில், மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையன்று மட்டும் திறக்கப்படும் ஒரு மரக் கொட்டகை இருக்கிறது. கட்டணம் கிடையாது. வெளியே பார்த்தால் குடியானவர் தானியம் சேர்த்து வைக்கும் கொட்டகை போலத்தான் தோன்றும். உள்ளே இருப்பதோ தொழிற்பட்டறை. மிக்கி மௌஸைப் படைத்த வால்ட் டிஸ்னி, ஓய்வு நேரங்களில் இதற்குள்தான் ரயில் வேலை பார்த்தார்.

கொட்டகை அப்போது அவருடைய வீட்டுத் தோட்டத்தில் இருந்தது. 1999-ல்தான் இங்கே பொது ஜனங்களுக்குத் திறக்கப்பட்டது.

டிஸ்னிக்கு ரயில் மோகம் இளமையிலேயே பிடித்தது. 1917-ஆம் வருஷக் கோடையில், 15 வயதுப் பையனாக, ஓடும் ரயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்றவர் அவர். பேரும் பொருளும் பெற்ற பிறகு, தம்மிடம் வேலை பார்த்த ரோஜர் பிராகி என்னும் இயந்திர நிபுணரிடமே மாணாக்கராய் நின்று உலோக வேலை கற்றுக்கொண்டார். என்ஜினுக்கு மனைவியின் பெயரால் ‘லில்லி பெல்’ என்று பெயரிட்டார். அதைச் செய்ததில் பலருக்குப் பங்கு உண்டு. ஆனால் ரயிலின் கடைசியில் வரும் கார்டு வண்டியைப் பெரும்பாலும் தம் கையாலேயே செய்தார். அதற்குள் படுக்கை முதல் கணப்பு அடுப்பு வரை எல்லாம் உண்டு. அந்தச் சின்னஞ்சிறு அடுப்பின் மீது ஆசை விடாமல், மேலும் பல அடுப்புகளைச் செய்து நண்பர்களுக்கு வழங்கினாராம்!

இவை அலமாரியில் வைக்கும் பொம்மைகள் அல்ல. அசலில் எட்டில் ஒரு பங்கு அளவு. அதாவது 40 அடி கூட்ஸ் வண்டி 5 அடியாகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் இவ்விதம் குறைவதால், வண்டியின் எடை ஏறக்குறைய 512-ல் ஒரு பங்காகி விடுகிறது. ஆனால் அதன் மேல் ஏறி உட்காரும் மனிதர் குறைவதில்லையே! அச்சும் வில்லும் அவருடைய முழுப் பாரத்தையும் தாங்கவேண்டும். அவர் சற்றுச் சாய்ந்தால் வண்டியும் சாயும்.

1950-ல் தோட்டத்து ரயில் ஓடத் தொடங்கியது. பாதையின் நீளம் 2,615 அடி. மனைவியின் பூஞ்செடிகளுக்குப் பழுது வராதபடி, அவற்றின் கீழே 90 அடிச் சுரங்கம் அமைத்தார். பாதை போடும் உரிமைக்காக மனைவியுடனும் இரு பெண்களுடனும் சட்ட முறைப்படி, வேடிக்கையாக, ஓர் ஒப்பந்தமும் எழுதிக்கொண்டார்.

வேடிக்கை மூன்று வருஷத்தில் முடிந்தது. 1953-ல் வேறொருவர் ஓட்டிய சமயம், என்ஜின் வளைவில் தடம் புரண்டு கவிழ்ந்தது. அதிலிருந்து பீறிட்ட நீராவி ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைச் சுட்டுவிட்டது. வண்டியைச் சிறிதாக்கலாம், கொதிக்கும் நீராவியின் சூட்டைச் சிறிதாக்க முடியுமா? டிஸ்னி அன்றோடு அந்த ரயிலை நிறுத்திவிட்டார். எத்தனையோ இரவுகள் உழைத்துச் செய்த சாமான் ஆயிற்றே என்று தயங்கவில்லை.

ஆயினும் அந்த உழைப்பு வீண் போகவில்லை. 1955-ஆம் வருஷம் ஜூலை 17-ந் தேதி டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது, அதைச் சுற்றி ஓடிய ரயிலின் முதல் இரண்டு என்ஜின்களும் லில்லி பெல்லின் சாயலிலேயே பெரிதாக்கிச் செய்யப்பட்டிருந்தன.

கொட்டகையை விட்டு வெளியே வந்தால், இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்ட சங்கத்தாரின் சிறு ரயில் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு செல்வதைக் காணலாம். நீங்களும் குழந்தையுடன் ஏறி உட்காருங்கள். வண்டி புறப்படுவதற்கு முன், அதன் கால்கள் உள்ளே இருக்கின்றனவா என்று மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.