பட்டம்பாங் பிள்ளைகள்

கம்போடியாவில் பாயோன் கோயிலின் வெளிச்சுற்றுச் சுவரில், போர்க் காட்சிகளுக்கு நடுவே, வித்தை காட்டுகிறவர்களையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பலசாலி குட்டி உருவங்களைத் தூக்கிப் பிடித்து நிற்கிறான். ஏழாம் ஜெயவர்மன் காலத்துக் கல். நம் கழைக்கூத்தாடியை அங்கே பார்த்ததுபோல இருந்தது எனக்கு. அன்று இரவே சியாம் ரீப்பில் ஃபார் சர்க்கஸுக்குப் போனேன்.

சிங்கம், யானை எதுவும் கிடையாது. இளைஞர்களும் பெண்களும் மட்டும். ஓரமாக உட்கார்ந்து சிலர் வாத்தியம் வாசிக்க, குட்டிக்கரணத்துக்கும் பல்டிக்கும் இடையே ஒரு கதை நகர்கிறது. என் கண் போனது கீழே நின்றவர்கள்மேல். ஒருவன் மேலே எழும்பும்போதெல்லாம் இரண்டு பேர் கைகளை உயர்த்தி, இமைக்காமல் காத்திருந்தார்கள். அவன் இறங்கிய பிறகுதான் அந்தக் கைகள் தாழ்ந்தன.

அந்தக் கைகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் அந்நாட்டுக் கலைஞர்களில் பெரும்பாலோர் மாண்டுபோனார்கள். பிறகு, தாய்லாந்து எல்லையில் இருந்த கம்போடிய அகதி முகாமில், வெரோனிக் டெக்ரோப் என்ற பிரெஞ்சு ஆசிரியை குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். வாயால் சொல்ல முடியாததை அந்தப் பிள்ளைகள் வரைந்தார்கள். ஊர் திரும்பிய அவருடைய மாணவர்கள் ஒன்பது பேர் 1994-இல் அவரோடு சேர்ந்து பட்டம்பாங் நகரில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். பெயர் ஃபார் பொன்லூ செல்பக். கலையின் ஒளி என்று பொருள். முதலில் ஓவியம்தான். பிறகு இசை, நாடகம். தெருவில் திரிந்த துறுதுறுப் பிள்ளைகளுக்குத் தாளும் பென்சிலும் போதவில்லையோ என்னவோ, 1998-இல் சர்க்கஸும் வந்தது.

சியாம் ரீப்பில் சர்க்கஸ் கூடாரம் எழுந்தது 2013-இல்தான். பள்ளி முதலில், கூடாரம் பிறகு என்ற இந்த வரிசையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். கூடாரத்தில் நாம் சீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு பட்டம்பாங் பள்ளிக்குப் போகிறது. அந்தப் பள்ளியில் படித்தவர்களே கூடாரத்தில் சம்பளம் வாங்கி ஆடுகிறார்கள். வித்தை அவர்களுக்குப் பிழைப்பு, கூடவே மரியாதை.

ஊருக்கு வந்த மறுவாரம் எங்கள் பேருந்து நிலையத்தருகே ஒரு சிறுமி கயிற்றில் நடந்தாள். தலையில் மூன்று செம்புகள், கையில் மூங்கில் கழி. கீழே அவள் அப்பா மேளம் அடித்துக்கொண்டிருந்தார். விழுந்தால் பிடிக்க மெத்தையில்லை. தட்டில் விழுந்தவை சில்லறைக் காசுகள். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாளா என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லாமல் மேளத்தை இறுக்கினார்.

பாலன்ஸ் என்று பட்டணத்தில் காசு கொடுத்துக் கற்கிற வித்தை அவளுக்கு நடை பழகும்போதே வந்துவிட்டது. மாவட்ட விளையாட்டு அரங்குகளை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் ஜிம்னாஸ்டிக் மெத்தை இருந்தால், பள்ளி விட்டதும் சாயங்காலத்தில் இவளைப் போன்ற குழந்தைகளை அதில் ஏறவிடுங்கள்.