கழுத்து நாடியும் பரம்பரைச் சொத்தும்



இம்மலருக்கு வைத்தியக் கட்டுரையொன்று தரும்படி சங்கச் செயலாளர் பல முறை கேட்டும் நான் தட்டிக் கழித்தே வந்தேன். எழுதுவதானால் என் தவறொன்றையும் எழுத வேண்டும் என்பதே காரணம். அதையே முதலிற் சொல்லிவிடுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், கந்தசஷ்டி விரத காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பூசை முடிந்து மண்டபத்தில் நின்றபோது, நாமெல்லோரும் மாஸ்டர் என்றழைக்கும் பெரியவர் என்னருகே வந்தார். ஊரிற் கணக்குப் படிப்பித்தவர். “தம்பி, காலமை இடக் கண்ணிலை திரை விழுந்த மாதிரி இருட்டிப் போச்சுது. அஞ்சு நிமிஷத்திலை தானாத் தெளிஞ்சிட்டுது. விரதக் களைப்பாக்கும்” என்றார். சனம் நெரிந்து நின்றது. “இருக்கும் அண்ணை. திங்கட்கிழமை ஒருக்கால் வாங்கோ, பாப்பம்” என்றேன். திங்கட்கிழமை அவர் வரவில்லை. ஞாயிறு அதிகாலையிலேயே பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்து, பேச்சும் நின்றுவிட்டது.

அந்தத் திரையின் பொருளை நான் மாணவனாக இருந்த காலத்திலேயே படித்தவன். நம் கழுத்தின் இரு பக்கமும் இரண்டு பெரிய நாடிகள் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்கின்றன. தாடைக்குச் சற்றுக் கீழே ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிகிறது. வாய்க்கால் பிரியுமிடத்தில் வண்டல் தங்குவதுபோல, அவ்விடத்திலேதான் கொழுப்பும் சுண்ணமும் படிந்து நாடி ஒடுங்குகிறது. அப்படிவின் மேல் உறையும் இரத்தத்திலிருந்து சிறு துகளொன்று கழன்று கண்ணுக்குப் போனால் திரை விழும். மூளைக்குப் போனால் கை கால் விழும். சில நிமிடங்களில் மறையும் அறிகுறி பின்னால் வரும் ஆபத்துக்குக் கட்டியம் கூறுவது. முதற் சில நாட்களே மிக அபாயமானவை. மாஸ்டரின் இடக் கழுத்து நாடி 80 வீதம் அடைபட்டிருந்தது. அன்றே அனுப்பியிருந்தால், வலியில்லாத ஸ்கான் பரிசோதனையொன்று அதைக் காட்டியிருக்கும். இந்த நாடியைத் திறந்து சுத்தம் செய்யும் சத்திரசிகிச்சை 1950களிலேயே தொடங்கிவிட்டது. அறிகுறி கண்டவர்களில் 70 வீதத்துக்கு மேல் அடைப்புள்ளவர்களுக்கு அதனாற் பெரும் நன்மையுண்டு என்பதை 1991இல் வட அமெரிக்க ஆய்வொன்று நிலைநாட்டியது.

மாஸ்டர் புகைத்தவரல்லர், மது தொட்டவரல்லர், மரக்கறி உணவே உண்டவர். “இவருக்கு ஏன் வந்தது?” என்று அவருடைய மனைவி என்னிடம் கேட்டார். இரத்தப் பரிசோதனையில் விடை கிடைத்தது. லிப்போபுரோட்டீன் ஏ என்னும் கொழுப்புத் துணிக்கை அவருக்கு மிக உயர்ந்திருந்தது. 1963இல் நோர்வே நாட்டு அறிஞர் கோரே பெர்க் கண்டுபிடித்த பொருள் இது. இதன் அளவைப் பெரும்பாலும் பெற்றோர் வழி வந்த மரபணுவே தீர்மானிக்கிறது. உணவாலும் நடையாலும் அதிகம் மாறாது. மாஸ்டரின் மூத்த மகனுக்கும் அது உயர்ந்திருந்தது, இளையவருக்கு இல்லை. காணி உறுதி போல, இதுவும் பரம்பரைச் சொத்துத்தான்.

நம்மவரைப் பற்றிய ஆய்வொன்றையும் சொல்ல வேண்டும். கனடாவில் தெற்காசியர், ஐரோப்பியர், சீனர் என ஏறக்குறைய 1,000 பேரைச் சோதித்து, 2000ஆம் ஆண்டில் லான்செட் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். கழுத்து நாடியின் சுவர் தடித்திருந்தது ஐரோப்பியருக்கே கூடுதலாக. ஆனால் இருதய, இரத்தக் குழாய் நோய்கள் மிகுந்திருந்தது தெற்காசியரிடத்திலே! நம்மவருக்குச் சர்க்கரைக் கோளாறு, ட்ரைகிளிசரைட், லிப்போபுரோட்டீன் ஏ, இரத்தத்தை எளிதில் உறைய வைக்கும் பொருட்கள் ஆகியவை உயர்ந்தும், நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். குறைந்தும் இருந்தன. ஆகவே ஸ்கானில் நாடி நன்றாகத் தெரிகிறது என்று நாம் இருந்துவிட முடியாது. மெலிந்த உடம்பிலும் வயிற்றுக் கொழுப்பு இவ்வேலையைச் செய்யும். நம்மவருக்கு இடுப்பளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டக்கூடாது.

இனி என் கதை. என் தகப்பனார் 54 வயதில் பாரிசவாதத்தால் இறந்தவர். அதை அறிந்திருந்தும், மாஸ்டர் விழும்வரை நான் என் இரத்தத்தைச் சோதித்ததில்லை. சோதித்தபோது என் லிப்போபுரோட்டீன் ஏயும் உயர்வு. சர்க்கரையும் எல்லையில் நின்றது. சொத்தை மறுக்க முடியாது. ஆனால் கடனைக் குறைக்கலாம். மாத்திரையால் எல்.டி.எல். கொழுப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைத்தேன். இரவுச் சோற்றைப் பாதியாக்கினேன். சீனி போட்ட தேநீரை விட்டேன். நாள்தோறும் அரை மணித்தியாலம் ஏரிக்கரையில் நடக்கிறேன்.

உங்களிடம் கேட்பவை நான்கு. உங்கள் குடும்பத்தில் இளவயதில் யாருக்கு மாரடைப்போ பாரிசவாதமோ வந்தது என்பதை எழுதி வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். லிப்போபுரோட்டீன் ஏயை வாழ்நாளில் ஒரு முறையாவது சோதிக்கும்படி குடும்ப வைத்தியரைக் கேளுங்கள். ஐரோப்பிய இருதய வைத்திய சங்கம் 2019இல் எல்லா வளர்ந்தோருக்கும் பரிந்துரைத்தது இதையே. விரத நாட்களில் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நீரிழிவுள்ளவர்கள் விரதத்துக்கு முன் வைத்தியருடன் பேசுங்கள். நான்காவது, முகம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், கண் திடீரென இருண்டால், அது தெளிந்துவிட்டாலும் உடனே 144க்கு அழையுங்கள். என்னைப் போன்ற ஒருவர் மண்டபத்தில் “திங்கட்கிழமை வாங்கோ” என்றாலும் கேளாதீர்கள்.

மாஸ்டர் இன்று ஊன்றுகோலுடன் வருகிறார். சில சொற்களே பேச வரும். இதை எழுதலாமா என்று கேட்டேன். இடக்கையை உயர்த்தி, “எழுதும்” என்றார்.