நுனி சொல்லும் சூடு

கதீட்டரின் நுனியில் வெப்பத்தை அளக்கும் சென்சார் உண்டு. ஆனால் திரையில் அது காட்டும் எண், சுடப்படும் இதயத் திசுவின் சூடு அல்ல. அப்பாவுக்கு அப்லேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறை சீராகத் துடிக்காமல் நடுங்கும். தப்பான மின்துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்று 1998இல் பிரான்சின் போர்டோ நகரில் மிஷெல் ஐசகேர் குழு காட்டியது. தொடைச் சிரை வழியாகக் கதீட்டரைச் செலுத்தி, அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றிச் சுட்டு வடுவாக்குவதுதான் சிகிச்சை.

"சூடு எவ்வளவு ஏறுதுன்னு எப்படி சார் தெரியும்?"

"நுனியில சென்சார் இருக்கு தம்பி. ஆனா அது நுனியோட சூடுதான். உள்ளே என்னன்னு நாங்க கணிக்கிறோம்."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. சுமார் 50 டிகிரியைத் தாண்டினால்தான் திசு நிரந்தரமாகச் சாகும். 100ஐ நெருங்கினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடிக்கலாம். இடது மேலறைக்கு ஒட்டிப் பின்னால் உணவுக்குழாய் வேறு. நுனியில் ரத்தம் உறையாமலிருக்கச் சலைன் விட்டுக் குளிர்விக்கிறார்கள். அதனால் சென்சார் குளிர்ந்திருக்கும்போதே, சில மில்லிமீட்டர் ஆழத்தில் திசு வெந்துகொண்டிருக்கும். என் வேலையில் இது பழகிய கதை. டாஷ்போர்டு முழுக்கப் பச்சை, வாடிக்கையாளருக்கு ஆப் திறக்காது.

ஆழத்தின் சூட்டை அல்ட்ராசவுண்டால் அறியும் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். யோசனை எளிது. மென்திசுவில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் போகும். சூடு ஒரு டிகிரி ஏறினால், அந்த வேகம் ஒன்றிரண்டு மீட்டர் கூடும். சூடான இடத்தைக் கடந்து வரும் எதிரொலி கொஞ்சம் முந்தி வரும். அந்த முந்தலை அளந்தால் போதும்.

சிக்கல்கள் பிறகு வருகின்றன. கொழுப்பில் கணக்கு தலைகீழ், சூடு ஏற ஏற வேகம் குறையும். நமக்கு முக்கியமான 50, 60 டிகிரி வாக்கில் வேகம் கூடுவதே மந்தமாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், இதயம் ஒரு நிமிஷம்கூட சும்மா இருக்காது. சூட்டால் எதிரொலி நகர்வது மில்லிமீட்டரில் சிறு பின்னம், துடிப்பால் சுவர் நகர்வது பல மில்லிமீட்டர். ஈசிஜியை வைத்து ஒவ்வொரு துடிப்பிலும் அதே கணத்தை மட்டும் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

இப்போதைக்கு டாக்டர் கையில் இருப்பவை பவர், நேரம், நுனி அழுத்தும் விசை, மின்தடை எவ்வளவு இறங்குகிறது என்பது. எல்லாமே மறைமுக சாட்சிகள்.

"என்னடா பண்ணலாம்?" என்று அப்பா கேட்டார். பண்ணிக்கலாம்ப்பா என்றேன். தன் திரை எதைச் சொல்லாது என்று அந்த டாக்டருக்குத் தெரிந்திருந்தது. நான் பார்த்த பல டாஷ்போர்டுகளுக்குப் பின்னால் அப்படி ஒரு ஆள் இருந்ததில்லை.