சுவரில் எழுதிய எண்

துடியலூரைத் தாண்டி, மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்த வீடு இருக்கிறது. முன்பக்கம் குடியிருப்பு. பின்பக்கம் தகரக் கூரை போட்ட தச்சுப் பட்டறை. இடித்த வீடுகளின் பழைய நிலைகளையும் கதவுகளையும் எடைக்கு வாங்கி, ஆணி பிடுங்கி, இழைத்து, ஊஞ்சல் பலகையும் மேசையும் செய்து தருவது அங்கிருக்கும் ஆசாரியின் தொழில். நான் போன காலையில் ஒரு தேக்கு நிலைக்காலைப் பிளானரில் விட்டுக்கொண்டிருந்தார். கறுத்துப்போன மேல்தோல் போனதும் உள்ளே பொன்னிறம் வந்தது. தேக்கு எண்ணெயின் வாசம் பட்டறை முழுக்க நிறைந்தது. கூடவே தூளும் நிறைந்தது.

பிளானரின் வாயில் தூள் உறிஞ்சும் குழாய் மாட்டியிருந்தது. அதையும் மீறிச் சீவல் தரையில் கொட்டியது. ஆசாரி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குழாய் முனையில் கையை வைத்துக் காட்டினார்.

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடி போட்டப்ப இந்த வாய் கையை அப்படியே கவ்விப் பிடிக்கும்ங்க. இப்ப சும்மா தடவுற மாதிரி இருக்குது. ஒரு மாசமா இப்படித்தான். கடையில கேட்டேன். மோட்டார் பத்தலை, 3 எச்.பி. மாத்துங்கன்னு சொல்லிட்டாங்க.”

நான் பார்த்த பெரும்பாலான தச்சுப் பட்டறைகளில் தூள் உறிஞ்சும் ஏற்பாடே கிடையாது. முகத்தில் ஒரு துண்டு கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். இவர் கடன் வாங்கிப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஈட்டி மரம் அறுத்தால் இவருக்குத் தும்மல் நிற்காது. தேக்குத் தூள் பட்டால் முழங்கை மடிப்பில் அரிப்பு வரும். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவுதான். மகள் படிக்கும் மேசையில் விரலால் கோடு போடலாம் என்ற அளவுக்குத் தூள் படிந்ததைப் பார்த்த பிறகு முடிவெடுத்திருக்கிறார்.

அவர் வரச்சொல்லியிருந்த ஃபிட்டர் பத்து மணிக்கு வந்தார். அறுபதைத் தாண்டியவர். கோவை நூற்பாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் காற்றுப் பிரிவில் வேலை பார்த்தவர். பஞ்சுத் துகளைக் குழாய் வழியே இழுப்பதும், மில்லுக்குள் ஈரக்காற்றை ஓட்டுவதும் அவர் கையில் இருந்த வேலைகள். நூற்பாலைகள் பல மூடிய பிறகு, அந்த ஊர் பழக்கிய கைகள் இப்படிச் சின்னப் பட்டறைகளுக்குப் பிழைப்பாக வந்து சேர்ந்திருக்கின்றன. அவர் பையிலிருந்து வெளியே வந்தவை: கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் இரண்டு முழம், மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீட்டர், ஒரு டார்ச், ஒரு கட்டு ஊதுவத்தி.

முதலில் பட்டறையின் அமைப்பை நடந்து பார்த்தார். இயந்திரங்களிலிருந்து வரும் குழாய்கள் ஒரு பெரிய குழாயில் சேர்கின்றன. அது தகரத்தில் செய்த கூம்பு வடிவ சைக்ளோனுக்குள் போகிறது. சைக்ளோனுக்கு அடியில் 200 லிட்டர் டிரம். சைக்ளோன் தலையிலிருந்து கிளம்பும் காற்று 2 எச்.பி. புளோயர் வழியாகப் போய்த் துணிப்பையில் வடிந்து வெளியேறுகிறது. புளோயருக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் மூன்று எண்கள் எழுதியிருந்தன: 180, 25, 3.2. போட்ட அன்றைக்கு இதே ஃபிட்டர் எழுதிவைத்தவை.

“இந்த மூணும் இல்லைன்னா நான் இப்ப இருட்டுல தடவணும் தம்பி” என்றார்.

அந்தப் பிளாஸ்டிக் குழாயை ‘யு’ போல வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதி வரை தண்ணீர் ஊற்றினார். ஒரு முனையைப் புளோயரின் உறிஞ்சு வாய்க்கு அருகே இருந்த சிறு துளையில் செருகினார். வாயை ஒரு பிளைவுட் துண்டால் முழுக்க அடைத்து மோட்டாரைப் போடச் சொன்னார். தண்ணீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி நின்றது. இரண்டுக்கும் நடுவே 178 மில்லிமீட்டர் வித்தியாசம். சுவரில் இருந்த முதல் எண் 180.

“மோட்டார்ல கோளாறு இல்லை, இம்பெல்லர்லயும் இல்லை. காற்று ஓடாம நிக்கிறப்ப வர்ற இழுவை, இம்பெல்லரோட அளவையும் சுத்துற வேகத்தையும் பொறுத்தது. அது ரெண்டும் அப்படியே இருக்குது.”

கடைக்காரர் சொன்ன 3 எச்.பி. பற்றிக் கேட்டேன். அதே இம்பெல்லரை அதே வேகத்தில் சுற்றினால், எத்தனை எச்.பி. மோட்டார் மாட்டினாலும் அதே காற்றுதான் வரும் என்றார். சுற்றும் திசையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். மும்முனை மின்சாரத்தில் இரண்டு கம்பிகள் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். இந்த வகை புளோயரில் அப்போதும் காற்று பைக்குள்தான் போகும். ஆனால் வெகுவாகக் குறைந்துவிடும். ஊதுகிறதே என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டி வந்த பிறகோ, லைன் வேலை நடந்த பிறகோ உறிஞ்சல் குறைந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். இங்கே திசை சரியாகவே இருந்தது.

அடுத்து பிளைவுட்டை எடுத்துவிட்டுக் குழாயைப் பழையபடி இணைத்தார். தண்ணீர்க் குழாயின் முனையைப் புளோயருக்கும் பைக்கும் நடுவே மாற்றினார். அன்றைக்கு 25 இருந்த இடத்தில் இன்றைக்கு 95. பைக்குள் போகும் காற்று வெளியேற வழியில்லாமல் முட்டுகிறது என்று பொருள். கிளாம்ப் மீட்டர் 2.3 ஆம்பியர் காட்டியது, சுவரில் 3.2.

எனக்குப் புரியவில்லை. அடைப்பு இருந்தால் மோட்டார் திணறி அதிக மின்சாரம் இழுக்க வேண்டாமா?

“தண்ணி மோட்டார் மாதிரிதான். காத்தைத் தூக்கி எறியறதுதான் இதுக்கு வேலை. காத்தே வரலைன்னா வேலை இல்லை, ஆம்பியர் இறங்கிரும். சத்தம்கூடக் கம்மியா இருக்கும். மோட்டார் நல்லா ஓடுதுன்னு நினைச்சுக்குவாங்க.”

பையைக் கழற்றி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே தென்னை மரத்தடியில் வைத்துத் தட்டினார்கள். கோதுமை மாவு போலத் தூள் கொட்டியது. திரும்ப மாட்டி அளந்ததில் 95 என்பது 40-க்கு இறங்கியது. பிளானர் வாய் மீண்டும் கையைக் கவ்வியது. ஆசாரியின் முகம் மலர்ந்தது. காபி கொண்டுவரச் சொல்லி வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

ஃபிட்டர் மட்டும் கொட்டிய மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏப்பா, இத்தனை மாவு பைக்கு எப்படி வந்துச்சு? இது டிரம்முல அல்லவா விழணும்?”

அந்தக் கேள்வியில்தான் அவருடைய முப்பது ஆண்டு அனுபவம் இருந்தது. பையைத் தட்டியதோடு கிளம்பியிருந்தால் இன்னும் ஒரு மாதத்தில் அதே கோளாறு திரும்ப வந்திருக்கும். சைக்ளோனுக்குள் காற்று சுவரை ஒட்டிச் சுழன்றபடி இறங்குகிறது. கனமான தூள் சுவரில் மோதி வழுக்கி டிரம்மில் விழுகிறது. தூளைவிட்ட காற்று நடுவில் ஒரு தூணாக மேலே ஏறிப் புளோயருக்குப் போகிறது. டிரம்மும் இழுவைக்குள்தான் இருக்கிறது. அதில் எங்காவது ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே பீறிட்டு, விழுந்த தூளைக் கிளப்பி, அந்த நடுத்தூணோடு மேலே அனுப்பிவிடும். டிரம் நிரம்பி வழிந்தாலும் இதே கதைதான்.

ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி டிரம் மூடியைச் சுற்றி மெல்லக் கொண்டுபோனார். புகை நேராக ஏறிக்கொண்டே வந்தது. பின்பக்கம், சுவரை ஒட்டிய இடத்தில் சட்டென்று மடங்கி மூடிக்குள் நுழைந்தது. மூடியைத் திறந்து பார்த்தால், விளிம்பில் ஒட்டியிருந்த பஞ்சுப்பட்டை காய்ந்து நொறுங்கியிருந்தது. அதில் விரல் நீளத்துக்கு ஒரு தேக்குச் சிராய் சிக்கியிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு டிரம்மைக் காலிசெய்து மூடியது ஆசாரிக்கு நினைவு வந்தது. பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் அறுத்து விளிம்பில் ஒட்டினார்கள். செலவு பசைக்கு மட்டும்.

பிறகு குழாய்ப் பாதைக்கு வந்தார். சர்க்குலர் ரம்பத்துக்குப் போகும் குழாயில் இருந்த அடைப்புக் கதவின் பள்ளத்தில் தூள் இறுகி, கதவு முக்கால்வாசிதான் மூடியது. ஓடாத இயந்திரம் ஓடும் இயந்திரத்தின் காற்றைத் திருடிக்கொண்டிருந்தது. பிளானருக்கு ஐந்தடி போதும் என்ற இடத்தில் பன்னிரண்டடி மடக்குக் குழாய் சுருண்டு கிடந்தது. உள்ளே வரிவரியாக இருக்கும் மடக்குக் குழாயில், அதே நீள வழவழப்பான குழாயைவிட இரண்டு மூன்று மடங்கு உராய்வு உண்டு. அறுத்துச் சுருக்கினார். ஒரு செங்கோண எல்போவை எடுத்துவிட்டு 45 டிகிரி வளைவு இரண்டைப் போடச் சொன்னார்.

4 அங்குலக் குழாயை 6 அங்குலமாக்கலாமா என்று ஆசாரி கேட்டார். தூள் குழாயில் படியாமல் ஓட, காற்று விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். அந்த வேகத்தில் 4 அங்குலக் குழாய் மணிக்குச் சுமார் 580 கன மீட்டர் காற்றைக் கொண்டுபோகும். 6 அங்குலத்தின் பரப்பு இரண்டேகால் மடங்கு என்பதால் அது 1,300 கன மீட்டர் கேட்கும். அந்த அளவு காற்றைப் புளோயர் தராவிட்டால் பெரிய குழாயில் வேகம் குறைந்து தூள் வழியிலேயே தங்கிவிடும். இந்தப் புளோயருக்குக் கிளைகள் 4 அங்குலமாகவே இருக்கட்டும் என்றார்.

எல்லாம் முடிந்ததும் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஒரு பலகையைப் பிளானரிலும் ரம்பத்திலும் ஓட்டச் சொல்லி டார்ச் அடித்தார். சீவல் ஒன்றுகூடத் தரையில் விழவில்லை. ஆனாலும் டார்ச் வெளிச்சத்தில், ரம்பத்தின் மேல்பக்கம் மெல்லிய தூள் பனி போல மிதந்தது. அங்கேயும் ஒரு மூடி போட்டு இழுக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார்கள்.

கண்ணுக்குத் தெரியும் சீவல் துடைப்பத்துக்கு வேலை. ஆளைக் கெடுப்பது இந்தப் பனி. இங்கிலாந்தில் நாற்காலித் தொழிலுக்குப் பெயர்போன ஹை விக்கம் நகரில், காது மூக்கு தொண்டை மருத்துவர் எஸ்மி ஹாட்ஃபீல்ட் தச்சுத் தொழிலாளர்களிடம் அரிதான மூக்குப் புற்றுநோய் அதிகம் இருப்பதைக் கவனித்தார். அவரும் சக மருத்துவர்களும் 1968-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1995-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் மரத்தூளைச் சேர்த்தது. இன்று பிரிட்டனில் கடின மரத்தூளுக்கு விதித்திருக்கும் வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 3 மில்லிகிராம். ஒரு சிட்டிகைக்கும் குறைவு. துண்டு கட்டிய மூக்குக்கு அது தெரியாது.

கிளம்பும் முன் ஃபிட்டர் மறுபடி மூன்றையும் அளந்து, பழைய எண்களுக்குக் கீழே தேதியோடு எழுதினார்: 178, 30, 3.1. ஆசாரி 3 எச்.பி. மோட்டாருக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் அலமாரியிலேயே இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்து ரம்பத்துக்கு மேல்மூடி செய்யத் தகடு வாங்கப் போவதாகச் சொன்னார்.

வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். தூள் உறிஞ்சும் இயந்திரம் வாங்கிய அன்றே தண்ணீர்க் குழாயால் அளந்து சுவரில் எழுதிவையுங்கள். டிரம்மைக் காலிசெய்யும் ஒவ்வொரு முறையும் மூடியின் விளிம்பைத் துடைத்து, ஒரு ஊதுவத்தி காட்டிப் பாருங்கள். பையைத் தட்டும்போது முகக்கவசம் போடுங்கள். புது மோட்டார் வாங்குவதற்கு முன் சுவரில் இருக்கும் எண்ணைக் கேளுங்கள்.