வரான்

உடும்புக்குப் பிரெஞ்சில் பெயர் ஏறக்குறைய ‘வரான்’. புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழி. வாத்தியார் படத்தைக் காட்டி அந்தச் சொல்லைச் சொன்னதும் பின் பெஞ்சிலிருந்து ஒருவன், “யாரு வரான்?” என்றான். வகுப்பே முட்டி போட்டது.

அறுபது வருஷம் கழித்து, போன ஐப்பசி மழையில் அவன் இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். துணி துவைக்கும் இடத்தில் காலி டிரம்முக்குள் மூன்றடி உடும்பு. பேரன் மூடியைப் போட்டுக் கல்லையும் வைத்துவிட்டு, “வளர்க்கலாமா தாத்தா?” என்றான்.

விசாரித்தேன். மீன்தொட்டிக் கடைக்காரர், “கோழிக்கறி போடுங்க சார், கண்ணாடித் தொட்டி நான் தரேன்” என்றார். காலை நடையில் வரும் நண்பர், கடித்தால் விஷம், ஆள் பிழைக்காது என்றார். இன்னொருவர் வளர்ப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. இடுப்பு வலிக்கு அதன் கறி நல்லது என்றார். ஒரே விஷயத்துக்கு ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று குறிப்பு. இப்படி ஒரு கோப்பை நான் ஒருநாளும் மேலே அனுப்பியதில்லை.

பேரனிடம் சொல்லாத ஒன்று உண்டு. சின்ன வயதில் நானும் ஒரு உடும்பை வளர்த்தேன். இடுப்பில் சணல் கயிறு கட்டி முருங்கை மரத்தில் பிணைத்திருந்தேன். சோறு வைத்தேன், தொடவில்லை. நாலாம் நாள் செத்துக் கிடந்தது. கயிறு தோலை அறுத்திருந்தது.

அதனால் கடைசியில் வனத்துறைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பதறவில்லை. “மூடியைக் கொஞ்சம் திறந்து காற்று விடுங்க. டிரம்மை நிழல்ல வைங்க. தீனி வேண்டாம், கையை உள்ளே விடாதீங்க.” வளர்ப்பதைப் பற்றியும் தயங்கித் தயங்கிக் கேட்டேன். சிரித்தார். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் உடும்பும் இருக்கிறதாம். வீட்டில் வைத்திருந்தால் மூன்றிலிருந்து ஏழு வருஷம் சிறை.

சட்டத்தை விடுங்கள். நம்மூர் உடும்பு ஐந்தடிக்கு மேலும் வளரும். வளை தோண்டும், மரம் ஏறும், நீந்தும். காலையில் வெயில் காய்ந்து உடம்பு சூடான பிறகுதான் இரை தேடப் போகும். அந்தச் சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. கறையான் புற்றைத் தோண்டி அதற்குள் முட்டையிடும். இவ்வளவையும் எந்தக் கண்ணாடித் தொட்டியில் வைப்பது?

மாலையில் இருவர் வந்து சாக்கில் பிடித்துப் போனார்கள். பேரன் அழுதான். மறு ஞாயிறு அவனை வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு அழைத்துப் போனேன். 1976-இல் ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. அங்கே உடும்பு இனத்திலேயே பெரியதான கொமோடோ டிராகன் உண்டு. அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, “நம்ம உடும்பு இப்ப சாப்பிட்டிருக்குமா தாத்தா?” என்றான்.

சாப்பிட்டிருக்கும் என்றேன். டிரம்மைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.